கரும்பலகையில் கடைசிப் பெயர்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ஏதோ கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். ஆட்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று தன் மச்சினருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே சாப்பிட்டார். "யார் பின்தங்குறாங்களோ அவங்க பேரை எல்லாரும் பாக்குற மாதிரி எழுதிப் போடணும். மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றார். நான் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். "இன்னா அத்தை, சாப்பாடு சரியில்லியா?" என்று மருமகள் ஓடி வந்தாள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

அப்படிப் பெயர் எழுதிப் போட்டவள் நான். என் கையால், சாக்பீஸ் பிடித்து, அழகான எழுத்தில்.

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு இறால் ஷெட்டு திறந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, நடுவில் ஐஸ் தண்ணீர்த் தொட்டிகள். விடியும்போது படகுகளில் வந்து இறங்கும் இறாலைப் பெண்கள் வரிசையாக மணை போட்டு உட்கார்ந்து, தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டு, சதையைத் தட்டில் சேர்ப்பார்கள். மத்தியானம் வேன் வந்து அள்ளிக்கொண்டு பொன்னேரி வழியாக மெட்ராசுக்குப் போகும். கோட்டைக்குப்பத்திலிருந்தும் சுற்றியிருந்த குப்பங்களிலிருந்தும் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோரும் என் சனம். அத்தை, சின்னம்மா, அக்கா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்ததால் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவரவர் தட்டைத் தராசில் வைத்தால் முள் காட்டுவதை எழுத வேண்டும், வேலையை மேற்பார்வை பார்க்க வேண்டும். "எம்பொண்ணு நாற்காலி வேலைக்குப் போவுது" என்று நைனா படகுத்துறையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இறால் உரிக்கிற வேலையில் யாருமே வெளியில் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. இறால் தண்ணீர் விரலைத் தின்னும். ஐஸில் ஊறிய விரல் முதலில் வெளுக்கும், அப்புறம் நுனித்தோல் கழன்று சிவந்த சதை தெரியும். அந்தக் கையோடு சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய முடியாது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி, ஏழெட்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்தால் தோல் மூடும். ஏழெட்டு நாள் வீட்டில் உட்கார்ந்தால் மணை வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எவளுக்கு விரல் வெந்துபோயிருக்கிறதோ அவள் பேருக்குத்தான் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் உரித்த சதையில் ஆளுக்கொரு கைப்பிடி அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். அவளுக்குத் தோல் மூடியதும் அடுத்து வெந்தவளுக்கு அவளும் போடுவாள்.

இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஏரியில் ஆண்கள் வலை கட்டுவதே அப்படித்தான். இறால் வரத்து நன்றாக இருக்கிற இடம் ஏரியில் கொஞ்சம்தான். அதைப் பாடு என்போம். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று முறை வைத்துத்தான் பாட்டில் இறங்குவார்கள். பலசாலியே எப்போதும் நல்ல இடத்தில் நிற்க முடியாது, நோஞ்சானே எப்போதும் ஓரத்தில் கிடக்கவும் வேண்டாம். அந்த வீட்டுப் பெண்கள் ஷெட்டுக்கு வந்தாலும் அதே புத்தியோடுதான் வந்தார்கள். எனக்கு எல்லாம் தெரியும். கைப்பிடி விழுகிற நேரத்தில் நான் பென்சில் சீவிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகள் தொடங்கி ஓரிரண்டு வருஷத்தில் புது மேனேஜர் வந்தார். அனுப்பம்பட்டில் வீடு எடுத்துத் தங்கி ஸ்கூட்டரில் வருவார். கெட்ட வார்த்தை பேசமாட்டார், கை நீட்டமாட்டார், யாரையும் தப்பாகப் பார்க்கமாட்டார். அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ வில்லன் கதை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அவர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர். தொழிலாளியின் மனசை எது எது பாதிக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்தால் வேலை கூடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு மணைகளுக்கு நடுவில் உலாத்துவார்.

முதலில் ரேடியோ வந்தது. சினிமாப் பாட்டுக்குக் கை வேகமாகப் போனது, உடனே எழுதிக்கொண்டார். சோகப் பாட்டு வந்ததும் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள், அதையும் எழுதிக்கொண்டார். பத்து மணிக்கு மேல் எல்லோருக்குமே வேகம் குறைந்தது. "இந்த நேரத்துல அரட்டை அதிகமாகுதும்மா, கவனிச்சியா?" என்று என்னிடம் கேட்டார்.

"அரட்டை இல்ல சார். பத்து மணிக்குத்தான் தொட்டியில புது ஐஸ் கொட்டுறாங்க. கை மரத்துப்போவுது" என்றேன்.

"ஐஸ் கொட்டாம இருக்க முடியாதும்மா. மாத்தக்கூடியதைப் பத்திப் பேசு" என்றார்.

கையுறை வாங்கித் தரச் சொன்னேன். உறை போட்டால் வேகம் குறையுமாம். பெண்களின் மனசில், வாயில், வீட்டில், வளர்ப்பில் எல்லாம் தேடினார் மனுஷன். காலடியில் இருந்த தொட்டிக்குள் மட்டும் ஒரு நாளும் கை விட்டுப் பார்க்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி அதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டும்விட்டாள். "சார், நீ ஒரு மணி நேரம் கைய உள்ள வெச்சுக்கினு அப்பால பேசு சார்!"

அவள் சுண்ணாம்புக்குளத்துக்காரி. எங்கள் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் படகு இழுக்கும்போது முதுகு பிடித்துப்போய் ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய மணையால்தான். வாய் அதிகம், தெலுங்கும் தமிழும் கலந்து கொட்டும். சிரித்தாள் என்றால் ஷெட்டே சிரிக்கும். மேனேஜர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை கரும்பலகை வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரம் அதிகம் உரித்தவள் பெயரை மேலேயும், குறைவாக உரித்தவள் பெயரைக் கீழேயும் எழுத வேண்டும். மேலே இருப்பவளுக்கு எவர்சில்வர் பாத்திரம் பரிசு. கீழே இருப்பவள் அடுத்த வாரம் வாசலோரம் தனி மணையில், எல்லோரையும் பார்த்தபடி உட்கார வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் கீழே வந்தால் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான்.

"பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மேல நிக்க வெக்கிறான்டி நம்மள" என்று என் அத்தை சொன்னாள். நைனாவின் தங்கை. ஷெட்டிலேயே கை வேகம் அவளுக்குத்தான். அவளுக்கு இரண்டு தூக்கும் ஒரு குடமும் கிடைத்தன. வாங்கிக்கொண்டு போய்த் தின்பண்டம் போட்டுவைத்தாள், கைப்பிடி போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இரண்டு மாதம் போனது. கீழே வருகிற பெயர் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருந்தது. ஒருத்திகூட இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் கடைசியில் வரவில்லை. கைப்பிடி இருக்கிறவரைக்கும் எப்படி வருவாள்? மேனேஜர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் வேன் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். என் நோட்டு அவர் மேசைமேல் விரித்துக் கிடந்தது.

"எல்லாரும் உன் சொந்தக்காரங்க. உண்மையைச் சொல்லு. தராசு காட்டறதையா எழுதறே, இல்ல அவங்களுக்குச் சாதகமா எழுதறியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். பொய் எழுதுகிறவள் என்று என்னை ஒருத்தன் சொல்வதா? என்ன பேசுகிறோம் என்று யோசிக்கவே இல்லை.

"முள்ளு காட்டறதைத்தான் சார் எழுதறேன்! ஒரு கிராம் கூட்டியோ கொறச்சோ எழுதினேன்னா எங்கைய வெட்டிப் போடுங்க! கை வெந்துபோனவளுக்கு மத்தவங்க ஆளுக்கொரு கைப்பிடி போடுறாங்க. அதனாலதான் யாரும் திரும்பத் திரும்பக் கீழ வர்றதில்ல. வேணும்னா நாளைக்கு வந்து பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அவர் கோபிக்கவில்லை. "அப்படியா?" என்றார், முகத்தில் ஒரு சந்தோஷம். "உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா." மன்னிப்பு வேறு! என் நேர்மை நிரூபணம் ஆகிவிட்டது. அதற்கு நான் கொடுத்த விலை என்னுடையது அல்ல, முப்பது பெண்கள் தங்களுக்குள் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்தது.

இரண்டே நாளில் தச்சர் வந்து மணைக்கு மணை நடுவில் பலகை அடித்தார். மாட்டுக் கொட்டில் மாதிரி ஆனது ஷெட்டு. ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி தட்டுக்கு ஒரு இறால் போனாலும் அது திருட்டு, கொடுத்தவளும் வாங்கியவளும் வெளியே என்று மேனேஜர் அறிவித்தார். யார் காட்டிக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் என் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து விரல் வெந்திருந்தது சுண்ணாம்புக்குளத்து அக்காவுக்கு. வலது கையில் மூன்று விரல். அதுவரை மற்றவர்களுக்குக் கைப்பிடி போட்டுவந்தவள், தான் வாங்கிக்கொள்ளும் முறை வந்த வாரம் அது. அந்தச் சனிக்கிழமை அவள் பெயர் கீழே வந்தது. அடுத்த வாரம் வாசலோர மணையில், துணி சுற்றிய விரலோடு, எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்து உரித்தாள். துணி நனைந்து ஈரத்தில் ஊறி, புண் இன்னும் மோசமானது. சதையில் ரத்தக்கறை பட்ட தட்டு ஒன்றை மேனேஜர் அப்படியே கொட்டச் சொன்னார். அந்தச் சனிக்கிழமையும் அவள்தான் கீழே.

இன்னும் ஒரே வாரம். அதற்குள் தோல் மூடினால் மணை பிழைக்கும், இல்லாவிட்டால் போச்சு. மூடாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் வெளியே வேன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் மொத்தக் கூடையிலிருந்து உரித்த சதையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் அவள் தட்டில் போட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வெந்த விரல்களாலேயே அதை அள்ளித் தரையில் வைத்தாள். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல்.

"கைப்பிடி போடணும்னா ஒரு தபாவாச்சும் கை வெந்திருக்கணும்மே. உன் கை எங்க வெந்துச்சு?"

ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து தரையிலிருந்ததைப் பொறுக்கிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினேன். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன். உதவிக்குப் போனவளை இப்படியா என்று மனசுக்குள் திட்டினேன். மத்தியானம் வரைக்கும் திட்டினேன். அப்புறம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். எல்லோருக்கும் கை மெதுவாகிவிட்டது. யாரும் யாரோடும் பேசவில்லை, பலகை மறைப்பதால் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் முப்பது பேரும் ஒரே மாதிரி, ஒரு இறாலை எடுத்து, பார்த்து, திருப்பி, பொறுமையாகத் தலை கிள்ளினார்கள். அக்கா தட்டு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் எல்லாத் தட்டும் ஏறியது. கொடுக்கத்தானே கூடாது? உரிக்காமல் இருப்பதற்குப் பலகை அடிக்க முடியுமா? புதன்கிழமை வேன் அரைகுறையாகப் போனது. வியாழக்கிழமை உரிக்காத இறால் கூடை கூடையாக நாறியது. மேனேஜர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார், அப்புறம் நிறுத்தினார், அப்புறம் மறுபடி வைத்தார். "என்ன காரணம்? என்னதான் காரணம்?" என்று நோட்டைப் புரட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் ஒரு மஜா. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

எல்லோரையும்விட மெதுவாக உரித்தவள் என் அத்தை. கண்ணை மூடிக்கொண்டு உரித்தாலும் முதலில் வருகிறவள், குழந்தையின் சுண்டுவிரலுக்கு மருதாணி வைப்பதுபோல் ஒவ்வொரு இறாலாக எடுத்தாள். மேனேஜர் அவள் எதிரில் போய் நின்று, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வயசாவுது இல்ல சார்" என்றாள் அத்தை. அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அந்த வாரம் ஷெட்டிலேயே குறைவாக உரித்தவள் என் அத்தை. அக்கா அவளைவிட அரைக் கிலோ அதிகம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஓடிப்போய் நோட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அவர் பார்த்தார். மூடினார். "இது நாடகம். எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறாங்களா? இதுக்குக் காரணம் அவதான். அவளை அனுப்பினாத்தான் மத்தவங்க வழிக்கு வருவாங்க. பலகைல அவ பேரை எழுது."

"முள்ளு வேற காட்டுது சார்."

"தெரியும். எழுது."

"இது பொய் சார்."

"நீ எழுதலன்னா எழுதறதுக்கு பத்தாங்கிளாஸ் படிச்ச வேற பொண்ணு இருக்கு. நாற்காலி ஒண்ணும் காலியா இருக்காது" என்றார், சாந்தமாக.

பொய் எழுதுகிறவள் என்று சொன்னதற்காக அவர்களைக் காட்டிக் கொடுத்தேனே, அந்த ரோஷம் அப்போது எங்கே போயிற்று? நாசமாய்ப் போக! அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிவிட்டேன். நைனா படகுத்துறையில் சொல்லிக்கொண்டு திரிந்தது காதில் கேட்டது. மறுபடி அடுப்படிக்குப் போக எனக்கு மனசில்லை, கைகளை ஐஸில் விடப் பயம். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சாக்பீஸை எடுத்தேன். மேலே ஒரு பெயர். கீழே அவள் பெயர்.

பெண்கள் மணையை விட்டு எழுந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அதில் இரண்டு மூன்று பேர்தான். அத்தைக்குத் தெரியாது, ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "அடிப்பாவி, நான்தாண்டி கடைசி! எம்பேர எழுதுடி!" என்று கத்தினாள். நான் திரும்பவில்லை. மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

சுண்ணாம்புக்குளத்து அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது.

"இதுல எது எம்பேரு?" என்று கேட்டாள்.

நான் கையைக் காட்டினேன். கிட்டே போய், தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அதுவரைக்கும் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடுவாள், தெலுங்கில் திட்டுவாள், முகத்தில் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

"நல்லா எழுதிக்கீற" என்றாள். "கை நடுங்கவே இல்ல."

நடுங்கவில்லைதான்.